நின்றால் வரும் வலி, படுத்தால் போகும் வீக்கம்

குடலிறக்கத்தால் (ஹெர்னியா) எனக்கு வந்த வலியை முதலில் யாரிடமும் சரியாகச் சொல்ல இயலவில்லை. அது ஓரிடத்தில் நிற்கவில்லை. வலது அடிவயிற்றில் கனமாகத் தொடங்கி, தொடை இடுக்கு வழியாக விதைப்பை வரை இழுக்கும். காலையில் கம்பம் ஊரில் ஜீப் ஏறும்போது ஒன்றும் இருக்காது. மலையேறி, கேரளத்தின் வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டத்தின் காய் உலர்த்தும் ஸ்டோரில் பகல் முழுவதும் நின்று, இடையிடையே மூட்டை நகர்த்துவோருக்குக் கைகொடுத்துவிட்டு மாலையில் இறங்கும்போது, அந்த இடத்தில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் இருக்கும். இரவு படுத்துச் சிறிது நேரத்தில் விட்டுவிடும்.

ஊரில் முதலில் பார்த்த மருத்துவர் சிறுநீரகக் கல்லாக இருக்கலாம் என்று ஸ்கேனுக்கு எழுதினார். நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து, மல்லாக்கப் படுக்கவைத்து எடுத்த அந்த ஸ்கேனில் வலது சிறுநீரகத்தில் 4 மில்லிமீட்டர் அளவில் ஒரு கல் தெரிந்தது. காரணம் கிடைத்துவிட்டதாக எல்லோருக்கும் நிம்மதி. மாத்திரையும் வாழைத்தண்டுச் சாறுமாகச் சில வாரங்கள் கழிந்தன. மாலை வலி மட்டும் மாறவில்லை. சிறுநீரகத்துக்குள் அசையாமல் கிடக்கும் சிறு கல் பெரும்பாலும் வலி தருவதில்லை என்பதும், அது சிறுநீர்க்குழாய்க்குள் இறங்கி அடைக்கும்போதுதான் விலாவின் பின்புறத்திலிருந்து தொடை இடுக்கு வரை அலை அலையாக வலி பாயும் என்பதும் எனக்குப் பின்னரே தெரிந்தது. அத்தகைய வலி வந்தவரால் ஓரிடத்தில் படுக்க முடியாது, புரண்டுகொண்டே இருப்பார். எனக்கோ படுத்தால்தான் சுகம். இந்த ஒரு வேறுபாட்டை யாராவது கேட்டிருந்தால் அந்த வாரங்கள் மிஞ்சியிருக்கும் என்பது இன்றும் என் எண்ணம்.

தோட்டத்தில் இருந்த நாளொன்றில் வலி கூடியதால், ஜீப் ஓட்டும் தம்பி என்னைக் கட்டப்பனையில் ஓர் அறுவை மருத்துவரிடம் அழைத்துப் போனார். மலையாளியான அவர் தமிழ் நன்றாகவே பேசினார். ஸ்கேன் தாளை ஓரமாக வைத்துவிட்டு, "அண்ணே, எழுந்து நின்று வேட்டியைத் தளர்த்துங்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமுங்கள்" என்றார். இருமியபோது இடுக்கின் மேல்பக்கத்தில் ஒரு சிறு எலுமிச்சை அளவில் வீக்கம் எழுந்து அவர் விரலைத் தட்டியது. படுத்ததும் உள்ளே போய்விட்டது. அதோடு அவர் நிறுத்தவில்லை. இரு விதைகளையும், இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்பதையும் தொட்டுப் பார்த்தார். முழங்காலை மடக்கித் தொடையை உள்ளும் புறமும் திருப்பினார். இடுப்பு மூட்டுத் தேய்மானமும் இடுக்கில்தான் வலியாகத் தெரியும் என்றும், பலர் அதைக் குடலிறக்கம் என்று நினைத்து வருவதுண்டு என்றும் விளக்கினார். நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், சிறுநீர் கழிக்க முக்குதல் ஆகியவை உண்டா என்று கேட்டார். ஐம்பதைக் கடந்தவன் என்பதால் புராஸ்டேட் பற்றிய கேள்விகள் தனியாக வந்தன.

எனக்கு இருப்பது குடலிறக்கம்தான் என்றார். அவர் சொன்னதன் சாரம் இது. கரு வளரும்போது ஆணின் விதை வயிற்றுக்குள் உருவாகி இடுக்குக் கால்வாய் வழியாகக் கீழே இறங்குகிறது. அந்த வழி சிலருக்கு முழுதாக மூடுவதில்லை. வேறு சிலருக்கு வயதும் அழுத்தமும் சேர்ந்து வயிற்றுச் சுவரே அங்கு தளர்ந்துவிடுகிறது. இரண்டில் எதனாலும் உள்ளிருக்கும் கொழுப்போ குடலோ வெளியே பிதுங்கலாம். நான்கு ஆண்களில் ஏறத்தாழ ஒருவருக்கு வாழ்நாளில் இது வருகிறது, வலப்பக்கம்தான் அதிகம். பெண்களுக்குக் குறைவு. ஆனால் தொடை மடிப்புக்குக் கீழே வரும் தொடைக் குடலிறக்கம் அவர்களிடமே மிகுதி. அதில் பிதுங்கிய குடல் சிக்கி நெரிபடும் அபாயமும் கூடுதல் என்பதால் தள்ளிப்போடலாகாது. எங்கள் தோட்டத்தில் குனிந்தே காய் பறிக்கும் பெண்கள் அடிவயிற்று வலியை வாய்விட்டுச் சொல்வதே இல்லை. மாதவிலக்குத் தள்ளிப்போன பெண்ணுக்குத் திடீரெனக் கடும் வலி வந்தால் அது கருக்குழாயில் தங்கிய கருவாக இருக்கலாம் என்பதை நான் இப்போது அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இளம் பையன்களுக்கு விதையில் சட்டென்று வலியும் வாந்தியும் வந்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை நடக்காவிட்டால் விதையை இழக்க நேரலாம்.

உடனே அறுவை வேண்டுமா என்று கேட்டேன். தொந்தரவு குறைவாக உள்ள ஆண்கள் கண்காணிப்பில் காத்திருக்கலாம் என்றார். அமெரிக்காவில் அப்படிக் காத்திருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், குடல் நெரிபட்டது மிக அரிதாகவே இருந்தபோதிலும், 10 ஆண்டுகளில் மூன்றில் இரு பங்கினர் பெரும்பாலும் வலி கூடியதால் அறுவைக்கே வந்தனர். எனக்கு வலி தினமும் இருந்ததால் காத்திருப்பதில் பொருள் இல்லை. வீக்கம் உள்ளே போக மறுத்து, இறுகிச் சிவந்து, வாந்தி எடுத்து, வாயு பிரியாமல் போனால் நள்ளிரவானாலும் கிளம்பிவிட வேண்டும், கையால் அழுத்தித் தள்ளவோ எண்ணெய் தேய்த்து நீவவோ கூடாது என்றும் எச்சரித்தார். மருந்துக்கடையில் கிடைக்கும் இடுப்புப்பட்டை வீக்கத்தைத் தாங்கிப் பிடிக்குமே தவிர, துவாரத்தை அடைக்காது.

அந்த மருத்துவமனையில் எங்கள் தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை செல்லவில்லை. ஆகவே எல்லையின் இப்பக்கம், தேனி மாவட்டத்திலேயே அரசு மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தேன். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்பராஸ்கோப் முறையில் வலி குறைவு, வேலைக்கு விரைவில் திரும்பலாம். ஆனால் பொதுவாக முழு மயக்கம் தேவை. எனக்கு முதுகில் ஊசி போட்டு, இடுக்கின் மேல் கீறி, பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வலை வைத்துத் தைத்தார்கள். 1980களில் லிச்டென்ஸ்டீன் என்ற அமெரிக்க மருத்துவர் பரவலாக்கிய முறை இது. தசையை இழுத்துத் தைக்காமல் வலையால் தாங்கவைப்பதால் இறக்கம் மீண்டும் வருவது குறைந்தது. இரத்தம், சர்க்கரை, ஈசிஜி, மயக்க மருத்துவரின் ஒப்புதல் ஆகியவற்றுக்கு அலைந்ததோடு ஒப்பிட்டால் அறுவை ஒரு பொருட்டே அல்ல. இழுப்பது தெரிந்தது, வலி தெரியவில்லை.

சிரமம் தந்தது அன்று இரவுதான். முதுகு ஊசிக்குப் பின் சிறுநீர் பிரியாமல் அடிவயிறு உப்பிக்கொண்டது. செவிலியர் எழுந்து நிற்கவைத்து முயலச் சொன்னார். அதுவும் பயனளிக்காததால் குழாய் செலுத்தி எடுத்து, மறுநாள் அகற்றினர். இருமல் வந்தால் கட்டின் மேல் உள்ளங்கையை அழுத்திக்கொள்ளச் சொன்னார்கள். அந்தச் சிறு பழக்கம் பெரிய உதவி. முக்காமல் இருக்க மலமிளக்கி தந்தார்கள். தழும்பின் கீழ் கயிறுபோல் ஒரு தடிப்பு தோன்றிப் பயமுறுத்தியது. அது ஆறிவரும் திசு என்றும் மெல்ல அமுங்கும் என்றும் சொன்னார்கள், அப்படியே ஆயிற்று.

மலைப்பாதையில் ஜீப் குலுங்குவதற்கு அஞ்சி, தோட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிவைத்தேன். திரும்பிய பிறகும் ஆறு வாரம் முடியும்வரை மூட்டையைத் தொட முதலாளி விடவில்லை. மாலை வலி போய்விட்டது. தழும்பின் கீழே உள்ளங்கை அளவுக்கு மரத்துப்போன இடம் ஒன்று மட்டும் மாறவில்லை. அங்கு ஓடும் நரம்பு அறுவையில் பாதிக்கப்படுவதால் இப்படி நேரும் என்றும், பத்தில் ஒருவருக்கு நீடித்த வலியாகவே நின்றுவிடுவதுண்டு என்றும் மறுபரிசோதனையில் அறிந்தேன். அதை அறுவைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சிறுநீரகக் கல் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. அதற்கு ஆண்டுக்கொரு ஸ்கேன் போதும் என்கிறார்கள்.