கையொப்பம் வைக்காத மனேஜர்மார்

ஆட்குறைப்புச் செய்யும் கம்பனிகள் இப்போது ஒரே காரணத்தைத்தான் சொல்கின்றன: நடுவில் மனேஜர்மார் கூடிப்போய்விட்டார்கள். மெட்டா 2022 நவம்பரில் சுமார் 11,000 பேரை அனுப்பியது; 2023 மார்ச்சில் இன்னும் 10,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது அடுக்குகளைக் கழற்றப்போவதாகச் சொன்னது. 2024 செப்டெம்பரில் அமேசன் தலைவர் அண்டி ஜஸி, மனேஜர்மாரோடு பார்க்கையில் நேரடியாக வேலை செய்பவர்களின் விகிதம் அடுத்த மார்ச் முடிவதற்குள் 15 சதவீதமாவது கூடவேண்டும் என்று ஊழியர்களுக்கு எழுதினார். மட்டக்களப்பில் ஒரு லீசிங் கம்பனிக் கிளையில் காலம் தள்ளியவன் நான். இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்களுக்கும் இதே பாட்டுத்தான்.

அடுக்குகள் கூடிப்போயிருந்தன என்பது பொய்யில்லை. 2009இல் யுத்தம் முடிந்ததும் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் கிழக்குக்குப் போட்டிபோட்டுக்கொண்டு வந்தன. வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று கிளைகள் முளைத்தன. கிளை மனேஜருக்கு மேல் ஏரியா மனேஜர், அவருக்கு மேல் ரீஜனல் மனேஜர், அதற்கும் மேல் கொழும்பு. நன்றாக அறவீடு செய்கிற ஒருவருக்குச் சம்பளம் கூட்டவேண்டுமென்றால் பதவியைக் கூட்டவேண்டும். பதவி கூடினால் அவருக்குக் கீழே ஆட்கள் வேண்டும். வேலை கூடியா பதவி கூடியது? இல்லை. பிரித்தானிய வரலாற்றாசிரியர் பார்க்கின்சன் இதை 1955இலேயே எழுதிவிட்டார்: 1914க்கும் 1928க்கும் இடையில் பிரித்தானியக் கடற்படையின் பெரிய போர்க்கப்பல்கள் 62இலிருந்து 20ஆகக் குறைந்தன; அதே காலத்தில் கடற்படைத் தலைமையகத்து அலுவலர்கள் 2,000இலிருந்து 3,569ஆகக் கூடினார்கள்.

ஆனால் அடுக்கை எண்ணுவதால் மட்டும் ஒன்றும் தெரியாது என்பது என் அபிப்பிராயம். எனக்கு மேலே இருந்த இரண்டு ஏரியா மனேஜர்மாரைப் பார்த்ததால் வந்த அபிப்பிராயம்.

2011 ஜனவரி வெள்ளத்தில், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை முழுக்கத் தண்ணீர். வெட்டுக்கு நாள் பார்த்திருந்த பெரும்போக வேளாண்மை அழுகிக்கொண்டிருந்தது. லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை லீசிங் எடுத்தவர்களெல்லாம் வெட்டு முடிந்துதான் தவணை கட்டுவார்கள். வெள்ளம் கொஞ்சம் வற்றியதும் ஏரியா மனேஜர் என்னையும் ஏற்றிக்கொண்டு வெல்லாவெளிப் பக்கம் போனார். காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு வரம்பில் நின்று, எந்த வட்டை, அதாவது வயல்வெளி, முழுக்கப் போனது, எது தப்பியது என்று அவற்றைக் கவனிக்கும் வட்டை விதானையிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். “சேர், அந்தக் கண்டத்துக்காரன் பொய் சொல்றான், அவனுக்கு மேட்டு வயல்” என்று விதானை ஒருவரைக் காட்டிக்கொடுத்ததும் நடந்தது. பெயர்ப்பட்டியலை மோட்டார் சைக்கிள் சீற்றில் வைத்து, மேட்டு வயல்காரரின் பெயரை வெட்டிவிட்டு, மற்றவர்களுக்கு அடுத்த போகம்வரை தவணை தள்ளிக் கையொப்பம் வைத்தார். கொழும்பைக் கேட்கத் தேவையில்லையா என்றேன். “தம்பி, கொழும்பைக் கேட்டுப் பதில் வாறதுக்குள்ள இவங்க அடுத்த போகம் விதைச்சு வெட்டியும் போடுவாங்க” என்றார். அவருடைய பதவிக்கு அன்று அந்த அதிகாரம் இருந்தது. இல்லாவிட்டாலும் அந்த மனிதர் கையொப்பம் வைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அவருக்கு வேறு ஏரியாவுக்கு மாற்றம் கிடைத்துப் போனபின் வந்தவர் கெட்டவர் இல்லை. நாங்கள் அனுப்பும் ஈமெயிலுக்கு மேலே “தயவுசெய்து பார்க்கவும்” என்று ஒரு வரி போட்டு மேலே அனுப்புவார். மேலிருந்து கேள்வி வந்தால் அதே வரியோடு கீழே வரும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்களே, இவரிடம் அந்தத் தடைகூட இல்லை. இப்படிப்பட்ட கதிரை போனால் ஒருவருக்கும் நட்டமில்லை. அதை நான் மனமறிந்து சொல்வேன்.

சிக்கல், வெட்டும்போது இந்த இரண்டு பேரும் ஒரே பெட்டிக்குள் இருந்ததுதான். ஏரியா மனேஜர் பதவியே இனி இல்லை என்று கடிதம் வந்தது. சேவைக்காலமும் சம்பளமும் கூடியவர் முதலில் போனார், அதாவது வயலுக்குப் போனவர். மற்றவர் கொழும்பில் வேறொரு பிரிவுக்கு மாறிக்கொண்டார். மேலே எழுதத் தெரிந்தவர்களுக்கு மேலே ஆட்களைத் தெரிந்திருக்கும்.

கூகுள் 2002இல் பொறியியலாளர்களுக்கு மேல் இருந்த மனேஜர்மாரை அடியோடு எடுத்துப் பார்த்தது. செலவுக் கணக்குக்கும் ஆளாளுக்கு இருந்த சண்டைக்கும் நேரே கம்பனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி பேஜிடம் போய் நிற்கத் தொடங்கினார்கள். சில மாதத்தில் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். எங்கள் ரீஜனல் மனேஜருக்கு அந்தக் கதை தெரிந்திருக்காது. அனுபவம் மட்டும் அதேதான். கிழக்குக் கிளைகள் எல்லாம் அவருடைய ஒற்றை வாட்ஸ்அப் குழுவுக்குள் விழுந்தன. ஒருவர் காசாளருக்கு லீவு கேட்பார், இன்னொருவர் ஜெனரேற்றருக்கு டீசல் கேட்பார், அதற்கு நடுவில் ஒரு கமக்காரரின் தவணை ஒத்திவைப்பு எங்கேயோ மேலே போய்விடும். அறவீட்டு ஒபிசர்மார் தீர்ப்புச் சொல்ல ஆளில்லாமல் வீட்டு வாசலில் வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டினார்கள். தவணை பிந்திய கணக்குகள் கூடின.

ஒரு வருடம்கூடப் போகவில்லை, “கிளஸ்டர் லீடர்” என்று புதிய பதவி வந்தது. அதே கிளைகள், அதே எல்லை, பழைய ஏரியா மனேஜரைவிடக் குறைந்த சம்பளம். என் பழைய சகபாடி ஒருவர் அந்தக் கதிரையில் இப்போது இருக்கிறார். வாகனமும் போனும் கொடுத்திருக்கிறார்களாம். தவணை ஒத்திவைக்கும் அதிகாரம் மட்டும் இன்னும் கொழும்பில்தான்.