நியூரோசர்ஜன்கள் நடுவே ஒரு இன்ஜினியரின் போஸ்டர்

நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். குழாய்க்குள் திரவம் எப்படி ஓடும் என்று கணினியில் கணக்குப் போடுவது என் வேலை. பிஎச்.டி.க்கு நான் எடுத்துக்கொண்ட குழாய், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி. அதன் சுவர் ஓரிடத்தில் பலவீனமாகி பலூன் போலப் புடைத்துக்கொண்டால் அனீரிசம் என்பார்கள். பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு அது இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குக் கடைசிவரை எந்தத் தொந்தரவும் தராது. வெடித்துவிட்டாலோ மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். எது வெடிக்கும், எதை அப்படியே விட்டுவைக்கலாம் என்பதுதான் இந்தத் துறையை இன்னும் உலுக்கும் கேள்வி.

ஹைதராபாத்தில் நடந்த மூளை ரத்தநாள நோய் மாநாடு ஒன்றில் இந்த ஆய்வைப் போஸ்டராக, அதாவது ஒரே பெரிய தாளில் அச்சடித்து மாட்டி வைத்தேன். நரம்பியல் மருத்துவர்கள், நியூரோசர்ஜன்கள், ரேடியாலஜிஸ்ட்கள், மரபணு ஆய்வாளர்கள், பிசியோதெரபிஸ்ட்கள் என்று எல்லாத் துறைக்காரர்களும் வரும் மாநாடு. இன்ஜினியரிங் கல்லூரியிலிருந்து இப்படி ஓரிடத்துக்குப் போக நினைக்கும் மாணவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் படங்கள் வேண்டும். நோயாளியின் முப்பரிமாண ஆஞ்சியோகிராம் (ரத்தநாளங்களைக் காட்டும் படம்) கைக்கு வராமல் என் கணக்கு தொடங்கவே தொடங்காது. அதற்கு மருத்துவமனையின் எதிக்ஸ் கமிட்டி அனுமதி தர வேண்டும். மருத்துவப் படங்களைச் சேமிக்கும் டைகாம் கோப்புக்குள் நோயாளியின் பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண் எல்லாம் படத்தோடு ஒட்டியே இருக்கும். கோப்பின் பெயரை மாற்றினால் போதாது. உள்ளே இருப்பதையும் மருத்துவமனையிலேயே நீக்கிய பிறகுதான் வெளியே கொண்டுவர வேண்டும். கமிட்டி இதைத்தான் துருவித் துருவிக் கேட்டது. கேட்க வேண்டியதும்தான், அது ஒரு மனிதரின் தலைக்குள் எடுத்த படம் அல்லவா! மாநாட்டின் கடைசித் தேதி தெரிந்த பிறகு இந்த வேலையைத் தொடங்கினால் ஆகாது. அனுமதியை முந்தைய வருடமே வாங்கிவிடுங்கள்.

அப்புறம் அப்ஸ்ட்ராக்ட், அதாவது மாநாட்டுக்கு முன்கூட்டியே அனுப்பும் ஆய்வுச் சுருக்கம். எங்களோடு சேர்ந்து ஆய்வு செய்த ரேடியாலஜிஸ்ட் அம்மா என் வரைவைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இதைப் படிச்சிட்டு நான் நாளைக்கு ஓ.பி.யில என்னப்பா செய்யணும்?" இந்த வகை மாநாட்டுக்குத் தயாராகும் எவருக்கும் இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. சமன்பாடுகளைத் தீர்த்த முறை ஒரு வரியாகச் சுருங்கியது. ரத்தம் சுவரை உரசும் விசை, வெடித்த அனீரிசங்களில் எப்படி இருந்தது, வெடிக்காதவற்றில் எப்படி இருந்தது என்பது முதல் வரிக்கு வந்தது. ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் வந்தது. மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு. துறைத் தலைவரின் கடிதம் இருந்தால் போதும். சென்னையில் சாயங்காலம் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் ஹைதராபாத்.

போஸ்டர் பக்கத்தில் நிற்கும் நேரம்தான் உண்மையான மாநாடு. என் துறை மீது மருத்துவர்களுக்குச் சந்தேகம் உண்டு என்பது தெரிந்தே போயிருந்தேன். சில ஆய்வுகள் உராய்வு விசை அதிகமாக இருந்தால் ஆபத்து என்றன, வேறு சில குறைவாக இருந்தால்தான் ஆபத்து என்றன. இந்தக் கணக்குகள் குழப்பத்தைத்தான் பரப்புகின்றனவோ என்று 2012-ல் அமெரிக்க நரம்பு ரேடியாலஜி இதழின் தலையங்கம் ஒன்று வெளிப்படையாகவே கேட்டது. 2014-ல் அதே இதழில் வந்த ஒரு கட்டுரை, இரண்டுமே உண்மையாக இருக்கலாம், சுவர் கெட்டுப்போகும் வழிகள்தான் வேறு என்று விளக்கியது. நான் அந்த இரண்டாவது பக்கம்.

மூத்த நியூரோசர்ஜன் ஒருவர் வந்து நின்றார். படங்களை நிதானமாகப் பார்த்தார். "வெடிச்ச கேஸ்லாம் வெடிச்சதுக்கு அப்புறம் எடுத்த படம்தானே? அதுக்கு முன்னாடியும் இதே வடிவத்துலதான் இருந்துச்சுன்னு எப்படிச் சொல்வீங்க?" சொல்ல முடியாது என்றேன். வெடிக்கும்போதே அதன் வடிவம் மாறியிருக்கலாம். எங்கள் முடிவின் எல்லை அது, போஸ்டரின் கீழ்ப்பகுதியில் எழுதியும் இருக்கிறது என்று காட்டினேன். சுவர் அசையாதது என்று வைத்துக் கணக்குப் போட்டதையும், உள்ளே வரும் ரத்தத்தின் வேகத்தை அந்தந்த நோயாளியிடம் அளக்காமல் பொதுவான அளவை எடுத்துக்கொண்டதையும் நானாகவே சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எல்லைகளை ஒளிக்காமல் சொல்பவரோடு மருத்துவர்கள் நேரம் செலவிடுகிறார்கள். அன்றைக்கு நான் கண்கூடாகப் பார்த்தது இது.

பேச்சு ஃபேசஸ் மதிப்பெண் பக்கம் போனது. அனீரிசம் ஐந்து வருடத்தில் வெடிக்கும் வாய்ப்பைக் கணக்கிட 2014-ல் வந்த முறை அது. நோயாளி எந்த மக்கள் கூட்டத்தைச் சேர்ந்தவர், ரத்த அழுத்தம், வயது, அனீரிசத்தின் அளவு, முன்பு வேறு அனீரிசம் வெடித்திருக்கிறதா, எந்த இடத்தில் இருக்கிறது என்ற ஆறு விஷயங்களுக்கு எண் போட்டுக் கூட்டுவார்கள். ஆறு ஆய்வுகளில் இருந்த 8,382 பேரின் தகவலிலிருந்து உருவானது. வட அமெரிக்கர், ஐரோப்பியர், ஃபின்லாந்துக்காரர், ஜப்பானியர் என்று அதில் கட்டங்கள் உண்டு. ஃபின்லாந்துக்காரருக்கும் ஜப்பானியருக்கும் கூடுதல் எண்.

"நம்ம ஊர் நோயாளிக்கு எந்தக் கட்டத்தை டிக் அடிக்கிறது?" என்று பக்கத்தில் நின்ற இளம் டாக்டர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு அது வலித்தது. திருநெல்வேலியிலிருந்து தலைவலியோடு வரும் ஒரு அம்மாவுக்கு ஸ்கேனில் 5 மில்லிமீட்டர் அனீரிசம் தெரிந்தால், காயில் வைப்பதா (உள்ளே மெல்லிய கம்பிச்சுருள் நிரப்புவது), கிளிப் போடுவதா (மண்டையைத் திறந்து அதன் கழுத்தை இறுக்குவது), காத்திருப்பதா என்பதை நம் மக்கள் இல்லாத அட்டவணையை வைத்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இங்கே வெடித்த பிறகு வருபவர்களின் படங்கள் நிறையச் சேர்கின்றன. வெடிக்காத அனீரிசத்தோடு வருடக்கணக்கில் தொடர்ந்து வந்து போகிறவர்களின் தகவல்தான் குறைவு.

அந்த நியூரோசர்ஜனும் ரேடியாலஜிஸ்ட் அம்மாவும் அங்கேயே கைபேசி எண்களை மாற்றிக்கொண்டார்கள். சிகிச்சை செய்யாமல் கண்காணிப்பில் இருக்கும் நோயாளிகளின் எம்.ஆர்.ஏ. படங்களை (ரத்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) வருடாவருடம் ஒரே முறையில் எடுத்து, அனீரிசம் வளர்கிறதா என்று பார்ப்பது திட்டம். எந்த இடத்தில் வளரும் என்பதை முதல் படத்தை மட்டும் வைத்து நான் முன்கூட்டியே கணித்து எழுதிக்கொடுக்க வேண்டும். அடுத்த வருடப் படம் வந்ததும் ஒப்பிடுவார்கள். வெடித்த பிறகு எடுத்த படம் என்ற ஆட்சேபம் இதற்குப் பொருந்தாது. விண்ணப்பம் இப்போது இரண்டு மருத்துவமனைகளின் எதிக்ஸ் கமிட்டிகளிலும் இருக்கிறது.