ஒவ்வொரு அடியின் தலையிலும் ‘ஈட,’

ஹட்டனில் ஒரு சிறிய ஆவணக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு பழைய குறுவட்டைக் கையில் தந்தார்கள். தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் பல வருடமாகச் சேகரித்த பாடல்கள் அதில் இருந்தன. கொழுந்து பறிக்கும்போது பாடியவை, தாலாட்டு, ஒப்பாரி, கங்காணியை ஏசும் பாட்டு. எல்லாம் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் தட்டியவை. எனக்கு முன் அங்கே வேலை செய்த ஒருவர் அவற்றுக்கு டீஈஐ முறைப்படி குறிகளும் இட்டிருந்தார். இது ஓர் அடி, இது பாடியவரின் தோட்டம், இது விளக்கம் வேண்டிய சொல் என்று பொறுமையாகச் செய்த வேலை. நூல்களைக் கணினியில் குறித்து வைப்பதற்கான பொது முறை அது. 1987இல் தொடங்கியது, இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இதிலிருந்து இணையப் பக்கம், கைபேசியில் படிக்க இபப் மின்னூல், அச்சுக்கு வேர்ட் கோப்பு மூன்றும் எடுக்க வேண்டும். நானே ஒரு நிரல் எழுதிவிடலாம் என்று இறங்கினேன். முதல் படியாகக் கோப்பு முழுவதையும், பாமினியை இன்றைய யூனிகோட் தமிழாக்கும் ஒரு மாற்றியில் போட்டேன். வந்ததைப் பார்த்ததும் பகீரென்றது. ஒவ்வொரு அடியின் தலையிலும் ‘ஈட,’ என்று நின்றது.

காரணம் புரிய ஒரு நாள் போயிற்று. டீஈஐயில் ஓர் அடியைக் குறிக்க, கோண அடைப்புக்குறிகளுக்குள் ஆங்கில ‘எல்’ எழுத்தை வைப்பார்கள். பாமினியிலோ திறக்கும் கோணக்குறி இருக்கும் விசையில் ‘ஈ’ வரும், ‘எல்’லில் ‘ட’ வரும், மூடும் கோணக்குறியில் கமா வரும். மாற்றி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. குறியையும் சேர்த்துத் தமிழாக்கிவிட்டது, அவ்வளவுதான். மாற்றாமல் விட்டாலும் சிக்கல். பாட்டில் ‘ஈரம்’ வரும் இடமெல்லாம் ஒரு குறி திறப்பதாகக் கணினி நினைத்துக்கொள்ளும்.

எங்கள் கோப்பில் இருந்த குறிகளின் பெயர்களைப் பட்டியல் போட்டு, அந்தப் பெயர் ஒட்டி வரும் கோணக்குறி மட்டும் குறி, மற்றதெல்லாம் ‘ஈ’ என்று பிரித்தேன். அது தீர்ந்தது. அடுத்த பகுதிக்கு நான் நிரலே எழுத வேண்டியிருக்கவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. டீஈஐ கோப்புகளை இணையப் பக்கமாகவும் இபப்பாகவும் வேர்டாகவும் மாற்றும் விதிகள் அடங்கிய எக்ஸ்எஸ்எல்டி கோப்புகளை டீஈஐ அமைப்பே இலவசமாக வைத்திருக்கிறது. ஒக்ஸ்போர்டில் இருந்த செபாஸ்டியன் ராட்ஸ் பல வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்தவை. பேன்டாக்கையும் முயன்றேன். பெர்க்லியில் மெய்யியல் கற்பிக்கும் ஜோன் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட, ஒரு வகைக் கோப்பை இன்னொரு வகையாக மாற்றும் அருமையான கருவி. நான் வைத்திருந்த பதிப்பு டீஈஐ எழுதும், ஆனால் படிக்காது. அதனால் ராட்ஸின் வழியே போனேன். இரண்டு வாரம் நான் மல்லுக்கட்டிய வேலை ஒரு மதியத்தில் முடிந்தது. முதலில் தேடியிருக்க வேண்டும் என்று மனம் நொந்தது.

மிஞ்சியது ‘ள’. பாமினியில் ‘ஔ’காரக் குறியின் பின்பாதியும் ‘ள’வும் ஒரே விசை. அதனால்தான் ‘வெளி’ என்ற சொல் ‘வௌ’வாகி, ‘இ’கர விசிறிக்குறி பக்கத்தில் அநாதையாக நிற்பதை இணையத்தில் இன்றும் பார்க்கிறோம். நகரத்து அச்சகம் ஒன்றில் பல வருடம் தட்டச்சு செய்த அண்ணன் ஒருவரிடம் கேட்டேன்.

“ளவுக்குப் பின்னாடி புள்ளியோ விசிறியோ வந்தா அது ளதான் தங்கச்சி. ஒண்ணும் வரலைன்னா ஔ.”

‘வெள்ளம்’, ‘வெளி’, ‘பௌத்தம்’ எல்லாம் ஒழுங்காக வந்தன. ஆனால் பாட்டுகளில் ‘கௌம்பு’, ‘வௌக்கு’ என்று வந்தது. அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் முழுக்கப் படித்தார்.

“நாங்க பேப்பருக்கு ‘விளக்கு’ன்னுதான் அடிப்போம். இது தோட்டத்து லயத்து வீடுகள்ல பேசுற பேச்சு. ‘வெளக்கு’, ‘கெளம்பு’. நான் சொன்னது இதுக்குச் செல்லாது.”

எழுத்துத் தமிழை மனத்தில் வைத்துச் செய்த எந்த விதியும் இந்தப் பாட்டுகளில் வந்து இடறும். எங்கள் பெண்கள் காலையில் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்திலும் மலையிலும் பேசிய உச்சரிப்புக்கு உலகத்தில் எவரும் கருவி செய்து வைத்திருக்கப் போவதில்லை. அந்தத் துண்டை நாங்கள்தான் செய்ய வேண்டும். செய்து நாங்களே வைத்துக்கொள்ளவும் கூடாது. பாமினியில் தட்டிய கோப்புகள் இந்த நாட்டில் எத்தனை அலுமாரிகளில் கிடக்கின்றனவோ! ‘ள’வை அப்படியே விட வேண்டிய சொற்களை நானும் அண்ணனுமாகப் பட்டியலிட்டோம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி, சாதாரண உரைக் கோப்பாக, மாற்றும் நிரலோடு சேர்த்துப் பொதுவில் வைத்துவிட்டோம்.

போன வாரம் பொகவந்தலாவையிலிருந்து வந்த ஓர் ஒப்பாரியில் ‘வெளஞ்ச’ என்று இருந்தது. பட்டியலில் இல்லாத சொல். அண்ணனுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டிவிட்டுச் சேர்த்தேன்.