வேலை போனதை ஆங்கிலத்தில் சொல்வது: ஐ.இ.எல்.டி.எஸ். தயாரிப்பில் கற்றது

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக்கான பயிற்சி நேர்காணலில், முந்தைய வேலை என்னவாயிற்று என்று ஆசிரியர் கேட்டார். நான் இருந்த பிரிவையே நிறுவனம் மூடியதால் எங்கள் பதினொரு பேருக்கும் வேலை போயிருந்தது. அதைச் சொல்ல நினைத்து, 'ஐ வாஸ் ஃபயர்ட்' என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்படி என்ன தவறு செய்தீர்கள்?" என்று கேட்டார்.

என் நோட்டில் ஃபயர்ட், சேக்ட், டிஸ்மிஸ்ட், லெய்ட் ஆஃப், ரிடண்டன்ட் ஆகிய ஐந்துக்கும் நேராக 'வேலைநீக்கம்' என்றே எழுதியிருந்தேன். அன்றிரவு, காரணம் ஊழியரிடம் இருக்கிறதா, நிறுவனத்திடம் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு அவற்றைப் பிரித்தெழுதினேன். நம் நாளிதழ்கள் அன்றாடம் எழுதும் சொற்களே இதற்குப் போதும்: காரணம் ஊழியரிடம் இருக்கும் முதல் மூன்றும் பெரும்பாலும் பணிநீக்கம், காரணம் நிறுவனத்திடம் இருக்கும் பின்னிரண்டும் ஆட்குறைப்பு. ரிடண்டன்ட் என்பது பிரிட்டனில் வழங்கும் சொல். அங்கே 2 ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவரின் பணியிடம் தேவையற்றுப் போனால் சட்டப்படி இழப்பீடு உண்டு, ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கு அது கிடையாது என்பதால், சொல் மாறினால் கைக்கு வரும் பணமும் மாறிவிடும்.

லெய்ட் ஆஃப் என்பதில் நம்மவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். இன்றைய அமெரிக்கப் பேச்சில் அது பெரும்பாலும் வேலை ஒரேயடியாகப் போனதையே குறிக்கிறது. ஆனால் இந்தியாவில் 2025 வரை நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் லே-ஆஃப் என்பது மின்சாரமோ மூலப்பொருளோ இல்லாதபோது, தொழிலாளியை ஊழியர் பட்டியலில் வைத்துக்கொண்டே தற்காலிகமாக வேலை தராமல் இருப்பது. நிரந்தர ஆட்குறைப்பை அது ரிட்ரெஞ்ச்மென்ட் என்றது. ஆலைப் பணியில் இருந்தவர்கள் இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலச் செய்தியை வாசித்தால் பொருள் பிசகும்.

கேட்டல் பகுதியில் என்னை ஏமாற்றியது 'தே ஹேட் டு லெட் ஹிம் கோ' என்ற வாக்கியம். 'போக விட்டார்கள்' என்று புரிந்துகொண்டு, அவர் தாமாக விலகினார் என்ற விடையைக் குறித்தேன். அது, வேலையிலிருந்து அனுப்பிவிட்டதை மென்மையாகச் சொல்லும் முறை. தாமாக விலகினால் ரிசைன், பேச்சில் க்விட்.

இச்சொற்களைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் காரணத்தோடு சேர்த்து எழுதிப் பழகுங்கள். 'ஃபயர்ட் ஃபார் பீயிங் லேட்' என்றால் அந்த 'ஃபார்' தவற்றைச் சுட்டுகிறது; 'லெய்ட் ஆஃப் வென் த ஃபேக்டரி க்ளோஸ்ட்' என்றால் அங்கே ஊழியரின் தவறு எதுவும் இல்லை.