மூச்சு விடும் இடம்

பிப்ரவரி 9

மெட்டும் ராப்பும் கலந்து பாடும் அந்தப் பாடகி இந்தச் சிறிய நகரத்திற்கு வருகிறார் என்ற செய்தியை நான் முதலில் நம்பவில்லை. இரண்டு பெருநகர நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஒரு நாள் காலியாக விழுந்திருக்கிறது. குழுவும் வண்டிகளும் சும்மா நின்றாலும் செலவு ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதால், போகும் வழியில் உள்ள 700 பேர் கொள்ளும் நாடக அரங்கில் ஒரு மாலையை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆக, எங்களுக்குக் கிடைத்திருப்பது ஒரு இடைவெளி. எனக்கு அதில் மனக்குறை ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 21

அவருடைய ஆல்பத்தை மறுபடியும் முழுதாகக் கேட்டேன். ஒரே பாட்டின் முதல் பாதியில் தாலாட்டைப் போல மெல்லப் பாடுகிறார். நடுவில் திடீரென்று ராப்புக்குத் தாவி, அங்கிருந்து மூச்சே விடாதவர் போல உச்சத்தில் இருக்கும் பல்லவிக்கு ஏறிவிடுகிறார். இதைக் கேட்ட நண்பர் ஒருவர், “இது ராப்பும் இல்லை, பாப்பும் இல்லை, இரண்டுங்கெட்டான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அவரோடு வாதாடப் போய், பழைய கதைகளையெல்லாம் கிளற வேண்டியதாயிற்று. பிளாண்டி என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘ராப்சர்’ என்ற பாட்டு, நடுவே ஒரு நீண்ட ராப் பகுதியை வைத்துக்கொண்டே 1981இல் அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. பாடுவதையும் ராப்பையும் ஒரே தொண்டையில் வைத்திருந்த லாரின் ஹில், 1998இல் வெளியிட்ட ஆல்பத்திற்காக அடுத்த ஆண்டு கிராமியின் ‘ஆண்டின் சிறந்த ஆல்பம்’ விருதைப் பெற்றார். ராப்பை உள்ளடக்கிய ஹிப் ஹாப் இசை சார்ந்த ஆல்பம் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை. 2019இல் ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸின் பாட்டை ‘கன்ட்ரி’ என்னும் அமெரிக்க இசைவகைக்கான பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அதுவோ பொதுப் பட்டியலின் முதலிடத்தில் தொடர்ந்து 19 வாரங்கள் உட்கார்ந்துகொண்டது. வகைப்பெயர் என்பது கடைக்காரர் அலமாரியில் ஒட்டும் சீட்டு என்பது என் கட்சி. நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை.

மார்ச் 6

நாளை மாலை. காதடைப்பான் வாங்கிவிட்டேன்.

மார்ச் 7, நள்ளிரவு

தூக்கம் வராது என்று தெரிந்துவிட்டதால் எழுதுகிறேன்.

சீக்கிரமே போய்விட்டதால், ஒலிச் சோதனை நடப்பதை வெளியே நின்றபடி கேட்க முடிந்தது. கேட்டுக் கவலைதான் மிஞ்சியது. காலி அரங்கில் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி எளிதில் அடங்குவதில்லை. ஓர் எழுத்து ஓய்வதற்குள் அடுத்த நான்கு எழுத்துகள் வந்து விழும் ராப்புக்கு அது எமன். நீட்டிப் பாடும் மெட்டு எதிரொலியில் நனைந்தாலும் அழகாகவே இருக்கும். வல்லின மெய்களை நம்பி நிற்கும் ராப் கரைந்து கஞ்சியாகிவிடும். ஆட்கள் நிறைந்தபின் உடல்களும் உடைகளும் ஒலியை உறிஞ்சிக்கொண்டதால் நிலைமை பாதி தேறியது.

மீதிப் பாதியைக் கெடுத்தது பேஸ் என்னும் தாழ்சுருதி ஒலி. 1980இல் வந்த ரோலண்டு டிஆர்-808 தாள இயந்திரத்தின் வழி வந்த, நீண்டு அதிரும் அந்தக் கிக், அதாவது பெரிய முரசடி போன்ற ஒலி, ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸில் இயங்குகிறது. அதன் ஒரு அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அவ்வளவு நீண்ட அலை சின்ன அரங்கில் சுவரோரமாகக் குவிந்துகொள்ளும். பின்சுவரில் சாய்ந்து நின்ற எனக்கு நெஞ்செலும்பு அதிர்ந்ததே தவிர ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பத்தடி முன்னால் நகர்ந்தேன்; சொற்கள் வந்தன.

இரண்டாவது பாட்டில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. பெரிய அரங்குகளில் பாடும் பழக்கத்தில், ராப் பகுதியின் வரி முடிவில் மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டினார். ஆயிரக்கணக்கானோர் அந்தச் சொல்லை முழங்கினால் அவருக்கு ஒரு மூச்சு மிச்சமாகும். இங்கே மேடையோரத்தில் நின்ற முப்பது இளைஞர்களைத் தவிர யாருக்கும் ராப் வரிகள் மனப்பாடமில்லை. மற்றவர்கள் பல்லவிக்காகக் காத்திருந்தவர்கள். வந்த குரல் மெலிந்திருந்தது. அவர் சிரித்தபடி மைக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதன்பிறகு இரவு முழுவதும் நீட்டவே இல்லை.

நான்காவது பாட்டுக்கு முன் டிஜேயைப் பார்த்துக் கையால் ஏதோ காட்டினார். பாட்டு தொடங்கியதும் எனக்குப் புரிந்தது: பதிவிலிருந்து கூடவே ஒலிக்கும் இரட்டைக்குரலை நீக்கச் சொல்லியிருக்கிறார். வெறும் பீட்டும் அவர் குரலும் மட்டும். அது நான் பிப்ரவரியில் நண்பரிடம் போட்டுக்காட்டிய அதே பாட்டு. ராப் பகுதி முடியும் இடத்தில், பல்லவியின் உச்சத்திற்கு ஏற அவருக்குக் கட்டாயம் காற்று வேண்டும். வரிகளோ இடைவெளியே இல்லாமல் கோக்கப்பட்டவை. இயைபு விழும் கடைசிச் சொல்லை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கு முந்தைய சொல்லை விழுங்கிவிட்டு, அந்த இடத்தில் மூச்சை இழுத்தார். கரகரப்பான, மைக்கில் நன்றாகவே பதிந்த மூச்சு. அரை நொடிகூட இருக்காது. பின்னர் பல்லவி மேலே ஏறியபோது, அதுவரை பேசாமல் நின்ற பின்வரிசைக்காரர்கள் சேர்ந்து பாடினார்கள். பாடுபவரும் ராப் செய்பவரும் வெவ்வேறு ஆட்கள் அல்லர், ஒரே நெஞ்சுக்கூட்டின் காற்றைப் பங்குபோட்டுக்கொள்பவர்கள் என்பதை எந்த வாதத்தையும்விட அந்த மூச்சு தெளிவாகச் சொன்னது.

ஒரே ஒரு பாட்டில் ஆட்டோடியூனை வெளிப்படையாகவே போட்டார். 1997இல் சுருதியைத் திருத்துவதற்காக வந்த மென்பொருள் இது. இப்போது அதுவே ஒரு வாத்தியம். பாடும்போது பளிங்குபோல வழுக்கியது, ராப்புக்கு மாறியதும் இல்லாத சுருதியைத் தேடித் தடுமாறியது. அந்தத் தடுமாற்றத்தையும் வேண்டுமென்றே வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன், எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 8

காதில் இன்னும் லேசான ரீங்காரம். நேற்று கைப்பேசிச் செயலி 100 டெசிபலுக்குப் பக்கத்தில் காட்டியது. அந்த அளவை முழுதாக நம்ப முடியாது என்றாலும், 100 டெசிபலில் பாதுகாப்பாக இருக்கக்கூடிய நேரம் 15 நிமிடம்தான் என்பது அமெரிக்கப் பணியிட நலவாழ்வு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. நான்காவது பாட்டுக்காகக் காதடைப்பானைக் கழற்றிவிட்டு, மீண்டும் மாட்ட மறந்துபோனது என் தவறு.

மார்ச் 15

ரீங்காரம் போய்விட்டதால் துணிந்து அந்த நான்காவது பாட்டின் ஆல்பப் பதிவைக் கேட்டேன். அந்த இடத்தை மட்டும் ஏழெட்டு முறை திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். விழுங்கப்பட்ட சொல் இதில் முழுசாக இருக்கிறது. கடைசிச் சொல் முடிவதற்கு முன்பே பல்லவியின் முதல் எழுத்து தொடங்கிவிடுகிறது, இரண்டையும் தனித்தனியே பாடி ஒட்டியிருக்கிறார்கள். மூச்சுக்கு அங்கே இடமே இல்லை. இரண்டின் தையலையும் மறைக்க ஒரு கைதட்டல் ஒலியை வைத்திருக்கிறார்கள்.