பிளஸ் ஒன் இயற்பியலுக்கு முன் ஒரு கோடை

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்த கையோடு பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தைத் தரவிறக்கிப் படிக்க உட்கார்ந்தேன். அளவீட்டியல் ஒருவழியாக நகர்ந்தது. அடுத்த பாடமான இயக்கவியலில் வெக்டர் (அளவோடு திசையும் கொண்ட ராசி), வகையிடல் (ஒன்று மாறும் வீதத்தைக் காண்பது), தொகையிடல் (சிறு சிறு மாற்றங்களைக் கூட்டி மொத்தம் காண்பது) எல்லாம் சேர்ந்து வந்து மறித்தன. பக்கத்து வீட்டு அக்கா பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறார். அவரிடம் கேட்டதற்கு, "இதை மூடி வை தம்பி. கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியை எடு" என்றார்.

விஷயம் இதுதான். மாநிலப் பாடத்திட்டத்தில் வெக்டரும், வகையிடலும் தொகையிடலும் அடங்கிய நுண்கணிதமும் பிளஸ் ஒன் கணக்கின் இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. இயற்பியலுக்கோ அவை தொடக்கத்திலேயே வேண்டும். கணக்கு ஆசிரியர் அங்கே வந்து சேர்வதற்குள் இயற்பியல் வெகுதூரம் போய்விடும். எந்தப் புண்ணியவான் போட்ட வரிசையோ!

ஆகவே விடுமுறையில் பெரும்பகுதி கணக்கிலேயே கழிந்தது. அக்கா சூத்திரப் பட்டியலைத் தொடவிடவில்லை. வகையிடலுக்கு அவர் கொடுத்த முதல் கணக்கு இது: கல் ஒன்று விழுகிறது. விநாடிகளின் வர்க்கத்தை 5 ஆல் பெருக்கினால் விழுந்த தூரம் ஏறத்தாழ மீட்டரில் கிடைக்கும். சரியாக 2 ஆவது விநாடியில் அதன் வேகம் என்ன? 2 முதல் 2.1 வரை சராசரி எடுத்தால் 20.5. 2.01 வரை எடுத்தால் 20.05. 2.001 வரை 20.005. இதைக் கையால் போட்டு முடித்த பிறகே, "பத்தாம் வகுப்பில் கோட்டுக்குச் சாய்வு கண்டாய் அல்லவா? இதுவும் சாய்வுதான். கோடு வளைந்திருக்கிறது, அவ்வளவே" என்றார்.

எனக்கு மிகவும் பிடித்தது தனி ஊசல். கதவு நிலையில் ஆணி அடித்து (அம்மாவிடம் திட்டு வாங்கியது தனிக்கதை), நூலில் இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். நட்டின் மையம் வரை ஒரு மீட்டர். 20 அலைவுகளுக்கு 40.4 விநாடி. சூத்திரத்தில் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.68 என்று வந்தது, புத்தகத்தில் 9.8. கடிகாரத்தை அழுத்துவதில் விரல் 0.2 விநாடி தவறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் அலைவை மட்டும் அளந்தால் நேரத்தில் 10 சதவீதப் பிழை. நேரம் வர்க்கமாக வருவதால் விடையில் அது ஏறக்குறைய 20 சதவீதமாகிவிடும். 20 அலைவுகளை அளந்தால் அதே 0.2 விநாடி வெறும் அரை சதவீதம், விடையில் ஒரு சதவீதம். செய்முறைத் தேர்வில் ஏன் அத்தனை அலைவுகளை எண்ணச் சொல்கிறார்கள் என்பதும், அளவீட்டியலின் பிழைக் கணக்கு எதற்கு என்பதும் அன்றுதான் விளங்கியது.

கோடைச் சிறப்பு வகுப்புக்குப் போன நண்பர்கள் இதே பாடத்தை வினா விடையாக ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். பணமும் கட்டியிருந்தார்கள்.

ஜூனில் வகுப்பு தொடங்கியதும் இயக்கவியலை ஆசிரியை வேகமாகவே நடத்தினார். வகையிடல் வந்த இடங்களில் கை தயங்கவில்லை. வெக்டர் பெருக்கலை மட்டும் விடுமுறையில் தொட்டிருக்கவில்லை. திருப்பு விசை (பொருளைச் சுழலவைக்கும் விளைவு) வரும்வரை அதற்கு அவசரமில்லை என்று அக்கா ஒதுக்கி வைத்திருந்தார்; அதைக் காலாண்டு விடுமுறையில் அவரிடமே உட்கார்ந்து முடித்துக்கொண்டேன்.