பண்டரிக்குப் போகாதவர்களின் ஏகாதசி

ஆஷாட ஏகாதசியன்று மும்பையில் மழை இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மாதுங்காவிலிருந்து ஃபைவ் கார்டன்ஸ் வழியாக, குடையோடு வடாலா விட்டல் மந்திருக்கு நடந்தோம். மாதுங்காத் தமிழர்களுக்கு இது பக்கத்து வீட்டுப் பெருமாள் மாதிரி. அன்றைக்கு மட்டும் அவரைப் பார்க்க மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும்.

விட்டலனின் பெரிய கோயில் இருப்பது பண்டரிபுரத்தில்; அதற்குப் பதிலாக என்று இந்தக் கோயிலைப் பிரதி பண்டரிபுரம் என்பார்கள். புனே பக்கம் ஆளந்தியிலும் தேஹுவிலும் கிளம்பிய, மராட்டிய பக்திக் கவிகள் ஞானேஸ்வரர், துக்காராம் பாதுகைப் பல்லக்குகளோடு வாரகரிகள் என்ற விட்டல பக்தர்கள் ஏறக்குறைய 250 கிலோமீட்டர் நடந்து இந்நேரம் பண்டரிபுரம் சேர்ந்திருப்பார்கள். லீவு கிடைக்காதவர்கள், முட்டிவலிக்காரர்கள், கைக்குழந்தையோடு இருப்பவர்கள் எல்லாம் வடாலாவுக்கு வருகிறார்கள். அதனால்தானோ என்னவோ, பிரிவுப் பாட்டு இங்கே வேறு மாதிரி கேட்கிறது.

எங்களுக்கு முன்னால் நின்ற பெண்கள் கோஷ்டி ஞானேஸ்வரரின் 'கனு வாஜே குணகுணா'வை எடுத்தது. மேகம் முழங்குகிறது, காற்று வீசுகிறது, கண்ணனைச் சீக்கிரம் கொண்டுவந்து காட்டக்கூடாதா என்று ஒரு பெண் கெஞ்சுகிற பாட்டு. பூசிய சந்தனமே உடம்பெல்லாம் சுடுகிறதாம். அந்த வரி வந்ததும், கைத்தாளத்தின் கயிற்றை விரலில் சுற்றியிருந்த ஒரு பாட்டி தட்டுவதை நிறுத்திவிட்டு வெறும் குரலில் பாடினார். நெற்றியில் இட்டிருந்த கறுப்பு புக்காப் பொடி மழையில் கரைந்து மூக்கு வரை இறங்கியிருந்தது. துடைக்கவேயில்லை.

எனக்கு ஆண்டாள் நினைவுக்கு வந்தாள். 'விண்நீல மேலாப்பு விரித்தாற்போல் மேகங்காள்' என்று அவளும் மேகத்தைத்தானே கூப்பிட்டாள், வேங்கடத்தானிடம் தூது போகச் சொல்லி?

அடுத்தது துக்காராம் அபங்கம். தீபாவளிக்குப் பிறந்த வீட்டிலிருந்து அழைக்க ஆள் வருமா என்று வாசலையே பார்த்திருக்கும் பெண்ணைப் போல, மனசு பண்டரி வழியைப் பார்க்கிறதாம். கல்யாணமாகி மும்பைக்கு வந்த எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் இதற்கு உரை வேண்டாம்.

ஆனால் என்னைக் கேட்டால், விரகத்தில் தாயின் குரலுக்கு ஈடு கிடையாது. காதலிக்கிறவள் கெஞ்சுவாள், பெற்றவள் கணக்குக் கேட்பாள். நம்மாழ்வாரின் 'கங்குலும் பகலும்' பதிகத்தில், அவனுக்காக ஏங்கும் பெண்ணின் அம்மா நேரே ரங்கநாதனிடம் போய் நிற்கிறாள். ராவும் பகலும் இவள் தூங்கவில்லை, கண்ணீரைக் கையால் இறைக்கிறாள், 'இவள்திறத்து என்செய்கின்றாயே' என்று கேட்கிறாள். பத்தாம் பாட்டில் 'அடி அடையாதாள்போல் இவள் அணுகி அடைந்தனள்', அடையாதவள் போலிருந்தவள் அவன் அடியை அடைந்துவிட்டாள் என்று முடியும்வரை அவள் விடுவதில்லை.

வரிசையில் நான் அதை முணுமுணுக்க, பாட்டி திரும்பி என்ன பாட்டு என்று மராட்டியில் கேட்டார். பெண்ணைப் பெற்றவள் சாமியோடு சண்டை போடுகிறாள் என்றேன். “நல்லா கேட்கட்டும்” என்று சிரித்தார்.

தரிசனம் சில நொடிதான். இடுப்பில் கைவைத்து நிற்கும் விட்டலன், துளசிக் குவியல், “சலா, சலா” என்ற அதட்டல். அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டோம்.

அதே கோஷ்டி வெளியே வந்து மறுபடி 'கனு வாஜே' பாட ஆரம்பித்தது. இப்போதுதானே பார்த்தீர்கள் என்று பாட்டியிடம் கேட்டேன். இது வடாலாதானே என்றார் அவர். அடுத்த வருஷம் முட்டி ஒத்துழைத்தால் பண்டரிக்கே நடந்துவிடுவாராம். ஆளந்திப் பல்லக்கா, தேஹுப் பல்லக்கா என்று தோழிகளுக்குள் வாக்குவாதம் கிளம்பியது. ஆளந்திப் பாதையில் திவே காட் மலைப்பாதை ஏற்றம் இருக்கிறது, அதனால் தேஹுதான் என்பது பாட்டியின் கட்சி.